சிங்கிள் காஸ்க் ஸ்காட்ச்: சுவைத்து ஒப்பிடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நண்பர்கள் கூடி இரண்டு மூன்று ஸ்காட்ச் பாட்டில்களை அருகருகே வைத்துச் சுவைக்கும்போது எழுகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். வாட்ஸ்அப்பிலும் நேரிலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன். இது ஏற்கெனவே அருந்தும் பழக்கமுள்ள, சட்டப்படி வயது வந்தவர்களுக்கான பக்கம். பழக்கம் இல்லாதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டாம்.

சிங்கிள் மால்ட், சிங்கிள் காஸ்க், ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே டிஸ்டிலரியில், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, செம்பு வடிகலன்களில் வடித்தது. ஆனால் நீங்கள் கடையில் வாங்கும் 12 வருட சிங்கிள் மால்ட்டுக்குள் அந்த டிஸ்டிலரியின் எத்தனையோ பீப்பாய்கள் கலந்திருக்கும். போன வருடம் வாங்கிய பாட்டிலும் இந்த வருடம் வாங்கும் பாட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கலக்கிறார்கள். சிங்கிள் காஸ்க் என்றால் ஒரே ஒரு பீப்பாயைத் திறந்து, வேறெதனோடும் கலக்காமல் பாட்டிலில் அடைத்தது. அந்தப் பீப்பாய் காலியானால் கதை முடிந்தது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குவிதிகள் ஐந்து வகைகளைத்தான் வரையறுக்கின்றன: சிங்கிள் மால்ட், சிங்கிள் கிரெய்ன், பிளெண்டட் மால்ட், பிளெண்டட் கிரெய்ன், பிளெண்டட் ஸ்காட்ச். சிங்கிள் காஸ்க் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே லேபிளில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பது பாட்டிலில் அடைப்பவரின் நேர்மையைப் பொறுத்தது.

சிங்கிள் காஸ்க்னா காஸ்க் ஸ்ட்ரெங்த்னு அர்த்தமா?

பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும், ஆனால் ஒன்றல்ல. காஸ்க் ஸ்ட்ரெங்த் என்பது தண்ணீர் சேர்த்துக் குறைக்காமல், பீப்பாயில் இருந்த ஆல்கஹால் அளவிலேயே அடைத்தது. அபர்லௌர் ஆபூனா காஸ்க் ஸ்ட்ரெங்த்தான், ஆனால் ஒவ்வொரு தொகுப்பிலும் ஷெரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பல பீப்பாய்கள் கலந்திருக்கும். மறுபக்கம், பல்வெனி சிங்கிள் பேரல் 12 வருடத்தை 47.8 சதவீதத்துக்குக் குறைத்து அடைக்கிறார்கள். அதில் ஒரே பீப்பாய்தான், ஆனால் தண்ணீர் சேர்த்தது.

விலை ரெட்டிப்பா இருக்கே, அப்ப சாதாரண சிங்கிள் மால்ட்டை விட ஒசத்திதானே?

இந்த எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். பல பீப்பாய்களைக் கலக்கும்போது ஒன்றின் குறையை இன்னொன்று மூடும். கலப்பவரின் திறமை முழுவதும் அதில்தான் இருக்கிறது. தனிப் பீப்பாயில் அப்படி மூடுவதற்கு எதுவும் கிடையாது. அது அபாரமாகவும் இருக்கலாம், மரத்தின் கசப்பு மட்டும் மிஞ்சியதாகவும் இருக்கலாம்.

அப்படியானால் எதற்காக அதிகம் கொடுக்கிறோம்? எண்ணிக்கை குறைவு, பெரும்பாலும் ஆல்கஹால் அளவு கூடுதல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பீப்பாயின் தனித்தன்மை. என் பார்வையில் சிங்கிள் காஸ்க்கின் பெரிய லாபம் வேறு. மரம், வயது, ஸ்பிரிட் (வடிகலனிலிருந்து வரும் திரவம்) ஆகிய மூன்றும் ஒரு விஸ்கிக்குள் என்னென்ன செய்கின்றன என்பதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க அது விடுகிறது. கலந்த விஸ்கியில் அதைப் பிரிப்பது மிகவும் கடினம்.

ஒரே டிஸ்டிலரி, ஒரே நாள் வடிச்ச ஸ்பிரிட். பீப்பாய் மாறினா ருசி அவ்வளவு மாறுமா?

மாறும். வடிகலனிலிருந்து வரும் ஸ்பிரிட் தண்ணீர் போல நிறமற்றது. நிறம் முழுவதும், மணத்தில் பெரும்பகுதியும் மரத்திலிருந்து வருகிறது. சட்டப்படி 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே, குறைந்தது 3 ஆண்டுகள் இருக்க வேண்டும். வழக்கத்தில் உள்ளவை: 200 லிட்டர் அளவுள்ள அமெரிக்க பேரல், 250 லிட்டர் ஹாக்ஸ்ஹெட், 500 லிட்டர் பட். பீப்பாய் சிறியதானால் ஒவ்வொரு லிட்டருக்கும் அதிக மரப்பரப்பு கிடைக்கும், மரம் வேகமாக இறங்கும்.

மரத்தின் இனமும் முக்கியம். அமெரிக்க வெள்ளை ஓக்கில் லாக்டோன் அதிகம், அதனால் தேங்காய் மணமும் வெனிலாவும் தூக்கலாக வரும். ஐரோப்பிய ஓக்கில் டானின் அதிகம். துவர்ப்பு, கிராம்பு, உலர்பழம் என்று போகும். அமெரிக்கச் சட்டப்படி அந்நாட்டு விஸ்கியான போர்பனை உட்புறம் கருக்கிய புதுப் பீப்பாயில்தான் ஊற்ற வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய அந்தப் பீப்பாய்கள்தான் கப்பலேறி ஸ்காட்லாந்துக்கு வருகின்றன.

அப்புறம், பீப்பாய் எத்தனையாவது முறை நிரப்பப்படுகிறது என்பது. ஃபில்டர் காபியில் முதல் டிகாஷனுக்கும் இரண்டாம் டிகாஷனுக்கும் உள்ள வித்தியாசம்தான், முதல்முறை ஸ்காட்ச் நிரப்பும் ஃபர்ஸ்ட் ஃபில்லுக்கும் அதற்கடுத்த முறைகளில் நிரப்பும் ரீஃபில்லுக்கும். ஆனால் விஸ்கியில் இரண்டாவது மட்டம் என்று அர்த்தமில்லை. மரம் அடங்கி இருப்பதால் ஸ்பிரிட்டின் சொந்தக் குணம் மேலே தெரியும். ஒரு டிஸ்டிலரியை உண்மையாகத் தெரிந்துகொள்ள நான் முதலில் தேடுவது ரீஃபில் ஹாக்ஸ்ஹெட்டைத்தான்.

ஷெரி காஸ்க்னு போட்டிருக்கே, அதுல உண்மையிலேயே ஷெரி இருந்துச்சா?

இருந்தது, ஆனால் நாம் கற்பனை செய்யும் விதத்தில் அல்ல. 1980கள் வரை ஸ்பெயினிலிருந்து ஷெரி ஒயின் பீப்பாய்களிலேயே பிரிட்டனுக்குக் கப்பலில் வந்தது. ஒயினைப் பாட்டிலில் அடைத்த பிறகு மிஞ்சிய காலிப் பீப்பாய்களை விஸ்கிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஷெரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்று ஆனதும் அந்த வழி அடைபட்டது. இன்றைய ஷெரி பீப்பாய்களில் பெரும்பாலானவை விஸ்கிக்காகவே ஸ்பெயினின் ஹெரேஸ் பகுதியில் செய்து, ஓரிரு ஆண்டுகள் ஷெரியை ஊற்றிப் பதப்படுத்தியவை. அதனால் 1970களில் வடித்த ஒரு ஷெரி பீப்பாயையும் 2010இல் வடித்ததையும் ஒப்பிடும்போது வயது, டிஸ்டிலரி மட்டுமல்லாமல் பீப்பாயின் பிறப்பே வேறு என்பதை மனதில் வையுங்கள்.

நிறம் கருப்பா இருந்தா வயசு ஜாஸ்தியா?

இல்லை. 10 வருட ஃபர்ஸ்ட் ஃபில் ஷெரி பட் கட்டங்காபி நிறத்தில் இருக்கலாம், 30 வருட ரீஃபில் ஹாக்ஸ்ஹெட் வைக்கோல் நிறத்தில் இருக்கலாம். தவிர, எந்த ஸ்காட்ச்சிலும் நிறத்துக்காக கேரமல் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. சிங்கிள் காஸ்க் அடைப்பவர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. லேபிளில் ‘நேச்சுரல் கலர்’ என்றிருந்தால் நிம்மதி.

லேபிள்ல இத்தனை நம்பர் இருக்கே, எதைப் பாக்கணும்?

ஒரு மாதிரி லேபிளை எடுத்துக்கொள்வோம்: வடித்தது மார்ச் 2008, அடைத்தது மே 2021, 13 வயது, ரீஃபில் ஹாக்ஸ்ஹெட், பீப்பாய் எண், 56.3 சதவீதம், 268 பாட்டில்கள், சில் ஃபில்டர் செய்யாதது (குளிரவைத்து வடிகட்டாதது). இந்த ஒரே சீட்டில் கிட்டத்தட்ட எல்லாத் தகவலும் இருக்கிறது.

வயதையும் பாட்டில் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். ஹாக்ஸ்ஹெட் 250 லிட்டர். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். 13 ஆண்டில் ஏறக்குறைய 190 லிட்டர் மிஞ்சும். 70 சென்டிலிட்டர் பாட்டிலில் ஊற்றினால் 270 சொச்சம். லேபிளில் உள்ள 268 அதோடு பொருந்துகிறது. அடுத்து ஆல்கஹால் அளவு. மால்ட் ஸ்பிரிட்டைப் பீப்பாயில் ஊற்றும்போது பொதுவாக 63.5 சதவீதம் இருக்கும். ஸ்காட்லாந்தின் குளிர்ந்த, ஈரமான கிடங்குகளில் ஆண்டுகள் போகப்போக அது இறங்கும். 13 ஆண்டில் 56 என்பது இயல்பு. வயது அதிகமாகியும் அளவு இறங்காமலே இருந்தால் பீப்பாய் எது, எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

பீப்பாய் எண்ணைக் குறித்துவையுங்கள். அதன் பயன் ஒப்பிடுவது பற்றிய பதிலில் தெரியும்.

கார்டன் அண்ட் மக்ஃபெயில், சிக்னேட்டரி இவங்கள்லாம் டிஸ்டிலரியா?

இவர்களைச் சுயேச்சை பாட்டிலர்கள் என்பார்கள். வேறு டிஸ்டிலரிகளின் ஸ்பிரிட்டையோ முதிர்ந்த பீப்பாயையோ வாங்கித் தங்கள் பெயரில் அடைப்பவர்கள். கேடன்ஹெட் 1842இல் அபர்டீனில் தொடங்கியது, இப்போது கேம்பெல்டவுனில் இருக்கிறது. கார்டன் அண்ட் மக்ஃபெயில் 1895இல் எல்ஜின் நகரில் மளிகைக் கடையாகத் தொடங்கியது. சிக்னேட்டரி 1988இல் வந்தது, 2002இல் எட்ராடௌர் டிஸ்டிலரியையே வாங்கிவிட்டது. ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி 1983இல் எடின்பரோவில் உருவானது. அவர்கள் பாட்டிலில் டிஸ்டிலரி பெயர் இருக்காது, இரண்டு எண்கள் மட்டும். முதல் எண் டிஸ்டிலரி, அடுத்தது அந்த டிஸ்டிலரியிலிருந்து அவர்கள் அடைத்த எத்தனையாவது பீப்பாய் என்பது. 1 என்றால் கிளென்ஃபார்க்ளஸ், 53 என்றால் கோல் ஈலா என்று ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இவர்களால் நமக்கு என்ன லாபம்? லிங்க்வுட், கிளென்பர்கி, பென்ரினஸ் போன்ற டிஸ்டிலரிகளின் சரக்கு பெரும்பாலும் பிளெண்டுகளுக்குள் போய்விடும். அவற்றைத் தனியாகச் சுவைக்க இவர்கள்தான் வழி. கார்டன் அண்ட் மக்ஃபெயில் 2024 முதல் வேறு டிஸ்டிலரிகளின் புது ஸ்பிரிட்டைப் பீப்பாயில் நிரப்புவதை நிறுத்துவதாக 2023இல் அறிவித்தது. கையிருப்பு இன்னும் பல பத்தாண்டுகளுக்கு வரும் என்றாலும், எனக்கு அது வருத்தமான செய்திதான்.

எந்தக் கிளாஸ், எவ்வளவு ஊத்தணும்?

அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ். 2001இல் வந்த கிளென்கேர்ன் கிளாஸ் பரவலாகக் கிடைக்கிறது. ஷெரிக்கான கோபிட்டா கிளாஸும் நல்லது. அகன்ற டம்ளரில் மணம் கலைந்துபோகும். ஒப்பிடும்போது எல்லாக் கிளாஸும் ஒரே வகையாக இருக்க வேண்டும், ஒரே அளவு ஊற்ற வேண்டும். 15 மி.லி. போதும். ஊற்றியதும் மேலே சிறு தட்டு மூடிவைத்துப் பத்து நிமிடம் விடுங்கள்.

ஐஸ் வேண்டாம், குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: மே மாதச் சென்னையில் 35 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்குக்கு வரும். ஏசி போட்ட அறையில் சுவைப்பது நல்லது.

எந்த வரிசையில குடிக்கணும்? எத்தனை வரைக்கும் தாங்கும்?

ஆல்கஹால் குறைந்ததிலிருந்து கூடியதற்கு, மென்மையான ரீஃபில்லிலிருந்து கனமான ஷெரிக்கு, புகை மணமுள்ளது கடைசியில். பார்லியை உலர்த்த எரிக்கும் பீட் என்ற சதுப்புநில மண்ணின் புகை ஒருமுறை நாக்கில் ஏறினால், அடுத்து வரும் ஸ்பேசைடு வட்டாரத்து மென்மையான விஸ்கி வெறும் தண்ணீராகத் தோன்றும்.

எண்ணிக்கை நான்குக்கு மேல் போக வேண்டாம். 58 சதவீதத்தில் 15 மி.லி. வீதம் நான்கு கிளாஸ் என்றால் தூய ஆல்கஹால் 35 மி.லி., அதாவது கிட்டத்தட்ட மூன்று ஸ்மால். அளவு சிறியதாகத் தெரிவதால் பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. துப்பிவிடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள், ஆனால் பூண்டு, மசாலா தூக்கலான சாப்பாடு அல்ல. பக்கத்தில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் இருக்கட்டும். சுவைத்தபின் வண்டி ஓட்டவே கூடாது, துப்பியிருந்தாலும்கூட.

58 சதவீதம் மூக்கையே எரிக்குது. எப்படி முகர்றது?

ஒயினை முகர்வது போல மூக்கைக் கிளாஸுக்குள் விடாதீர்கள், சுழற்றவும் வேண்டாம். கிளாஸை முகவாய்க்கு அருகில் பிடித்து, வாயைச் சற்றே திறந்துவைத்து, மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். எரிச்சல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்தி அங்கேயே மூச்சை இழுங்கள். ஒரு நாசி, பிறகு அடுத்த நாசி. ஒரு நிமிடம் விட்டு மறுபடி. முதல் முறை ஆல்கஹால் மட்டும்தான் தெரியும், மூன்றாவது முறை பழமோ மரமோ பிடிபடும்.

வாயில் வைக்கும்போது முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். அதை வைத்து எந்த முடிவும் எழுதாதீர்கள்.

தண்ணி சேத்தா பாவம்னு சொல்றாங்களே?

இல்லவே இல்லை. ஸ்காட்லாந்தில் விஸ்கியோடு ஒரு சிறு கூஜா தண்ணீர் வைப்பது வழக்கம். கலப்பு நிபுணர்கள் ஆல்கஹால் 20 சதவீதத்துக்கு இறங்கும் அளவுக்குக்கூடத் தண்ணீர் சேர்த்துத்தான் மாதிரிகளை முகர்கிறார்கள். 2017இல் ஸ்வீடனின் லினீயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் என்ற இரு வேதியியலாளர்கள் கணினி உருவகத்தில் ஒன்றைக் காட்டினார்கள். புகை மணம் தரும் குவையகால் மூலக்கூறு, ஆல்கஹால் 45 சதவீதம் வரை உள்ள கலவையில் திரவத்தின் மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது. 59 சதவீதத்துக்கு மேல் போனால் ஆல்கஹால் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. தண்ணீர் விட்டதும் மணம் திறக்கிறது என்று பலர் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது.

ஒப்பிடும்போது மட்டும் ஒரு கண்டிப்பு வேண்டும். முதலில் இரண்டையும் தண்ணீரில்லாமல் சுவையுங்கள். பிறகு இரண்டையும் ஒரே சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். 58 சதவீதத்தில் 15 மி.லி. இருந்தால், 4 மி.லி. தண்ணீர் 46 சதவீதத்துக்கு இறக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் போதும். ஒன்றை 60இலும் இன்னொன்றை 48இலும் வைத்துக்கொண்டு எது மென்மை என்று விவாதிப்பதில் பொருள் இல்லை. தண்ணீரும் வாசனையற்றதாக இருக்க வேண்டும். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

தண்ணி விட்டதும் கலங்கிப்போச்சு, அடியில கருப்பா தூள் வேற. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. கலங்கலுக்குக் காரணம் கொழுப்பு அமில எஸ்டர்கள். 46 சதவீதத்துக்குக் கீழே, குளிர்ச்சியிலும், அவை கரையாமல் பிரியும். இதைத் தவிர்க்கத்தான் பல நிறுவனங்கள் குளிரவைத்து வடிகட்டுகின்றன. சிங்கிள் காஸ்க்கில் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. கருப்புத் தூள் பீப்பாயின் உட்புறம் கருக்கியதன் கரி. அடியில் தங்கட்டும், கடைசிக் கிளாஸை மெதுவாக ஊற்றினால் போதும்.

ஹெதர், கூஸ்பெர்ரின்னு எழுதறாங்க. நான் அதெல்லாம் முகர்ந்ததே இல்லையே?

முகராததை எழுதாதீர்கள். உங்கள் மூக்கு எந்த ஊரில் பழகியதோ அந்த ஊர் மணங்களைத்தான் எழுத வேண்டும். இதை நான் ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துகிறேன், ஏனென்றால் இதில் வேதியியலும் நம் பக்கம் இருக்கிறது. கிராம்பின் மணத்தைத் தரும் யூஜினால் ஓக் மரத்திலும் இருக்கிறது. வாழைப்பழ மணத்தைத் தரும் ஐசோஅமைல் அசிட்டேட் நொதித்தலில் உருவாகி ஸ்பிரிட்டுக்குள் வருகிறது. எனவே ‘கிராம்பு’, ‘கனிந்த வாழைப்பழம்’ என்று நீங்கள் எழுதும்போது அங்கே உண்மையில் இருப்பதைத்தான் எழுதுகிறீர்கள்.

எங்கள் மேசையில் வழக்கமாக வரும் சொற்களைத் தருகிறேன். ஃபர்ஸ்ட் ஃபில் போர்பன் பேரல்: தேங்காய் பர்பி, வெனிலா, மலைவாழை. ஷெரி பட்: பேரீச்சை, உலர்திராட்சை, கருப்பட்டிப் பாகு, சுக்கு. கோல் ஈலா ரீஃபில்லில்: எலுமிச்சைத் தோல், அணைத்த விறகடுப்பு, கடற்காற்று. லஃப்ராய்க்: டிங்சர், புது பேண்டேஜ். கிளைன்லீஷ்: மெழுகுவர்த்தி. மோர்ட்லாக்: எலும்பு சூப். சாப்பாட்டு மேசையில் ஓமம், ஏலக்காய், நன்னாரி என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து கண்ணை மூடி முகர்ந்து பழகுங்கள். ஒரு மாதத்தில் குறிப்பு எழுதும் விதமே மாறிவிடும்.

சரி, ஒப்பிடறதுக்கு எந்த ரெண்டு பாட்டிலை எடுக்கறது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 12 வருட ஷெரி கிளென்ஃபார்க்ளஸையும் 8 வருட புகை மணமுள்ள ஆர்ட்பெக்கையும் அருகருகே வைத்தால் இரண்டும் வேறு என்று தெரியும், அவ்வளவுதான். ஏன் வேறு என்பது தெரியாது.

மரத்தைப் படிக்க வேண்டுமா? ஒரே டிஸ்டிலரி, ஒரே வடிப்பு ஆண்டு, ஏறக்குறைய ஒரே வயது. ஒன்று ரீஃபில் ஹாக்ஸ்ஹெட், ஒன்று ஷெரி பட். கோல் ஈலாவோ லிங்க்வுட்டோ இதற்கு ஏற்றவை, சுயேச்சை பாட்டிலர்களிடம் நிறையக் கிடைக்கும். டிஸ்டிலரியைப் படிக்க வேண்டுமா? ஒரே வகை ரீஃபில் ஹாக்ஸ்ஹெட், ஒரே வயது, இரண்டு டிஸ்டிலரிகள். பழைய முறையில், நீர்த்தொட்டிக்குள் சுருண்ட செம்புக் குழாயில் ஆவியைக் குளிரவைக்கும் மோர்ட்லாக்கையும் அது இல்லாத லிங்க்வுட்டையும் வைத்துப் பாருங்கள். ஒன்று இறைச்சிச் சாறு போலக் கனமாக, மற்றது பூ மணமாக நிற்கும். லிங்க்வுட் எல்ஜினிலும் மோர்ட்லாக் டஃப்டவுனிலும் என, இரண்டும் ஸ்பேசைடிலேயே இருப்பவைதான்.

இன்னும் நுட்பமாகப் போக, பீப்பாய் எண்கள் அடுத்தடுத்து வரும் சகோதரப் பீப்பாய்கள். ஒரே நாளில் வடித்து, ஒரே வகைப் பீப்பாயில் ஊற்றி, ஒரே கிடங்கில் வளர்ந்தவை. அவற்றில்கூட ஒன்று தேனாகவும் மற்றது சற்றே காரமாகவும் வரும். மரம் மரத்துக்கு மாறுவதுதான் காரணம். எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு இதுதான். இரண்டு பாட்டில் வாங்க முடியாவிட்டால் நான்கு பேர் சேர்ந்து பங்கிடுங்கள், அல்லது 3 சென்டிலிட்டர் மாதிரிக் குப்பிகளாக வாங்குங்கள்.

எனக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரியுதா, இல்ல விலையைப் பாத்துத் தெரியற மாதிரி இருக்கா?

முக்கோணச் சோதனை செய்யுங்கள். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் வேறு. ஊற்றுபவர் அறையை விட்டுப் போய்விட வேண்டும். எது வேறு என்று நீங்கள் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும், அதனால் ஒருமுறை சரியாகச் சொன்னது கணக்கில்லை. ஆறு முறை செய்து ஐந்து சரி என்றால் நம்பலாம். ஒரே மாலையில் ஆறும் வேண்டாம், முகர்ந்து மட்டும் பார்த்தாலே பாதி வேலை முடியும். நிறம் காட்டிக்கொடுக்கும் என்றால் நீல நிறக் கிளாஸ், இல்லையென்றால் மங்கிய விளக்கு.

தீக்குச்சி வாசனை, ரப்பர் வாசனை வருது. இது குறையா?

கந்தகச் சேர்மங்கள். இரண்டு வழியில் வரும். ஒன்று, காலி ஒயின் பீப்பாய்களில் பூஞ்சை வராமல் இருக்க உள்ளே கந்தகத் திரியை எரிப்பது. மற்றது, ஸ்பிரிட்டிலேயே இருப்பது. மேலே சொன்ன மோர்ட்லாக் வகையில் செம்போடு ஆவி உறவாடுவது குறைவு, அதனால் கந்தகம் அதிகம் தங்கும். இளம் வயதில் அது முட்டைக்கோஸ் போல இருந்து, ஆண்டுகள் கழிந்து இறைச்சி மணமாக மாறும்.

கால் மணி நேரம் கிளாஸில் விட்டு மறுபடி முகருங்கள். அடங்கிவிட்டால் அந்த விஸ்கியின் குணம், அடங்காமல் எல்லாவற்றையும் மூடினால் என் கணக்கில் குறை. கந்தகத்தை உணரும் திறன் ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். பக்கத்தில் இருப்பவர் ‘அருமை’ என்றால் அவர் பொய் சொல்லவில்லை.

55 பிபிஎம்னா 35 பிபிஎம்மை விட அவ்வளவு புகையா இருக்குமா?

அந்த எண் பாட்டிலில் உள்ள புகையின் அளவு அல்ல, வடிப்பதற்கு முன் பார்லியில் அளந்த ஃபீனால், அதாவது புகை மணம் தரும் சேர்மம், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது. அதில் கணிசமான பகுதி வடிப்பில் போய்விடும். எந்தப் புள்ளியில் ஸ்பிரிட்டை நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து எவ்வளவு தங்கும் என்பது மாறும். ஐலா தீவில் லகவூலினும் கோல் ஈலாவும் போர்ட் எலன் மால்ட் கூடத்தின் ஏறக்குறைய ஒரே அளவு பீட் போட்ட பார்லியைப் பயன்படுத்துபவை. ஒன்று கனத்த புகை, மற்றது துல்லியமான, சுத்தமான புகை. பீப்பாயில் ஆண்டுகள் ஏற ஏறப் புகை இன்னும் தணியும். ஆகவே பிபிஎம் எண்ணை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள், மூக்கை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

30 வருஷம்னா 12 வருஷத்தை விட நல்லாத்தானே இருக்கும்?

ஆழம் கிடைக்கலாம், ஆனால் உறுதியில்லை. வீரியமான பீப்பாயில் அதிக காலம் இருந்தால் மரத்தின் துவர்ப்பு ஸ்பிரிட்டை விழுங்கிவிடும். நீண்ட காலம் தாங்குவது பெரும்பாலும் அடங்கிய பீப்பாய்கள். கார்டன் அண்ட் மக்ஃபெயில் 1940இல் வடித்த கிளென்லிவெட்டை 80 ஆண்டுகள் கழித்து 2020இல் அடைத்தது, 250 பாட்டில்கள், 44.9 சதவீதம். ஆல்கஹால் 40க்குக் கீழே இறங்கினால் சட்டப்படி ஸ்காட்ச் என்றே விற்க முடியாது. மிகப் பழைய பீப்பாய்களைக் காப்பவர்களுக்கு இதுதான் பெரிய கவலை.

குறைந்த செலவில் முதுமையின் சுவை வேண்டும் என்றால் சிங்கிள் கிரெய்னைப் பாருங்கள். கோதுமையிலோ மக்காச்சோளத்திலோ தொடர் வடிகலனில் வடிப்பது. இன்வர்கார்டன், மூடப்பட்டுவிட்ட கேம்பஸ் ஆகியவற்றின் பழைய பீப்பாய்கள் அதே வயது மால்ட்டைவிட மிகக் குறைந்த விலைக்கு வரும்.

ஹாக்ஸ்ஹெட்னு போட்டு 600 பாட்டில்னு இருக்கே, எப்படி?

லேபிள் பற்றிய பதிலில் போட்ட கணக்கை நினைவுபடுத்துங்கள். ஹாக்ஸ்ஹெட்டில் ஒரு சொட்டுகூட ஆவியாகாவிட்டாலும் 357 பாட்டிலுக்கு மேல் வராது. 56 சதவீதத்தை 46க்கு இறக்கினால் எண்ணிக்கை கொஞ்சம் கூடும், 190 லிட்டர் 231 ஆகி 330 பாட்டில் வரும். 600 வரவே வராது. அப்படி இருந்தால் ஒன்றுக்கும் மேற்பட்ட பீப்பாய்கள் உள்ளே இருக்கின்றன, அல்லது அச்சுப் பிழை. விற்பவரிடம் கேளுங்கள்.

நுட்பமான வழி ஒன்றும் உண்டு. இரண்டு ஹாக்ஸ்ஹெட்களை ஒரே ஷெரி பட்டில் ஊற்றி, சில மாதங்கள் வைத்து, அந்த பட்டை ‘சிங்கிள் காஸ்க்’ என்று அடைப்பது. கடைசியில் ஒரே பீப்பாயிலிருந்து வந்ததென்பது உண்மை. முதல் பதிலில் சொன்னபடி சட்டத்தில் வரையறை இல்லாததால் தடையும் இல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை. முந்தைய பீப்பாய் எது, ஃபினிஷ் (கடைசிப் பீப்பாயில் இருந்த காலம்) எத்தனை மாதம் என்று லேபிளிலேயே எழுதும் பாட்டிலர்களிடம்தான் வாங்குகிறேன். மறுதலையாக, பட் என்று போட்டு 120 பாட்டில் மட்டும் என்றிருந்தால் சந்தேகப்பட வேண்டாம். ஒரு பீப்பாயைக் கடைகளோ கிளப்புகளோ பங்கிட்டுக்கொள்வது சகஜம்.

முழு பீப்பாயையே வாங்கிப் போட்டா லாபமா?

லாபக் கணக்கோடு யாராவது அணுகினால் மிகவும் கவனம். அழகான சான்றிதழ் உரிமை ஆகாது. டெலிவரி ஆர்டர் என்ற ஆவணம் கிடங்குப் பொறுப்பாளரிடம் பதிவாகி, பீப்பாய் உங்கள் பெயரில் இருப்பதை அந்தக் கிடங்கே உறுதி செய்ய வேண்டும். பீப்பாயை இங்கே கொண்டுவரவும் முடியாது, சிங்கிள் மால்ட்டை 2012 முதல் ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும். சுவைப்பதற்காக என்றால் பாட்டிலே போதும்.

போன மாசம் பிரமாதமா இருந்த பாட்டில் இப்ப தட்டையா இருக்கு. நாக்கு மாறிப்போச்சா, சரக்கு மாறிப்போச்சா?

இரண்டுமே நடக்கும். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் உள்ளே காற்று அதிகம், பழ மணம் முதலில் மங்கும். பீட் விஸ்கியில் புகையும் தணியும். மிச்சத்தைச் சிறு பாட்டிலுக்கு விளிம்புவரை மாற்றிவிடுங்கள். விஸ்கி பாட்டிலை ஒயின் போலப் படுக்கவைக்கக் கூடாது, ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படாத அலமாரி போதும். நம் ஊரில் அலமாரி சூடாகும் என்றால் உள்ளறையில் வையுங்கள்.

உங்கள் நாக்கா என்று பார்க்க: புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் முதல் நாளே 3 சென்டிலிட்டரைச் சிறு குப்பியில் நிரப்பி மூடி, பீப்பாய் எண்ணும் தேதியும் எழுதி எடுத்துவையுங்கள். சந்தேகம் வரும் நாளில் அதையும் பாட்டிலில் இருப்பதையும் முக்கோணச் சோதனையில் வைத்தால் விடை கிடைத்துவிடும். அதே குப்பிகள் இன்னொன்றுக்கும் உதவும். அந்தப் பீப்பாய் மறுபடி வராது, ஆனால் ஓரிரு ஆண்டு கழித்து அதன் சகோதரப் பீப்பாய் சந்தைக்கு வந்தால், பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்களிடம் பழையது 3 சென்டிலிட்டர் இருக்கும்.